குருத்தோலை, பூவரசு, கரம்பை: பங்குனியில் சின்னப் பிள்ளைகளின் கைவேலை

பனை ஓலையில் மூன்று வயதுப் பிள்ளையின் கைக்கு ஒத்து வருவது குருத்தோலை ஒன்றுதான். குருத்துக்கு அடுத்த ஓலையான சாரோலை அந்த விரல்களுக்கு முரடு. காய்ந்த ஓலையோ ஓரத்தில் விரலை அறுக்கும், மடித்தால் மடிப்பிலேயே விண்டுபோகும். குருத்து வெளிர் மஞ்சளாக, துணி மாதிரி வளையும். எங்கே மடித்தோமோ அங்கே மடிப்பு அப்படியே நிற்கும். பிள்ளை தான் செய்ததைக் கண்ணால் பார்க்க அந்த மடிப்பு நிற்க வேண்டும்.

குருத்தோலை ஞாயிறு வருகிற வாரத்தில் திருநெல்வேலிப் பக்கத்துக் கிராமங்களில் குருத்து தாராளமாகக் கிடைக்கும். பண்டிகைக்கு வெட்டியதில் மிஞ்சியதை நாலு இலக்கு (ஓலையின் தனிக் கீற்று) கேட்டு வாங்கிக்கொள்ளலாம். மற்ற நாளில் பனையேறுகிறவரிடம் சொல்லி வைக்க வேண்டும். நாமே வடலியில், அதாவது இளம்பனையில், கை வைப்பதாக இருந்தால் ஒரு மரத்தில் ஒரு குருத்துக்கு மேல் எடுக்கக் கூடாது. அடிவரை தோண்டி இழுக்காமல் விரிந்த மேல்பாதியை மட்டும் வெட்ட வேண்டும், இல்லாவிட்டால் வடலி தேறாது. மட்டையின் இரண்டு ஓரமும் ரம்பப்பல் மாதிரிக் கருக்கு. அதைப் பிள்ளைகள் இருக்கும் இடத்துக்கே கொண்டுவர வேண்டாம். இலக்குகளைத் தனித்தனியாகக் கிழித்து, நடு ஈர்க்கை உருவி, ஈரத்துணியில் சுற்றி எடுத்து வந்தால் போதும்.

பழைய பெரும்பொழுதுக் கணக்கில் இளவேனில் என்பது சித்திரையும் வைகாசியும். கைவேலைக்கு அந்தக் கணக்கு பிந்தியது. பங்குனி பாதியிலேயே புங்கை மரத்தடி வெள்ளையும் ஊதாவுமாகப் பூ உதிர்ந்து கிடக்கும், வேம்பு பூக்கும், குளங்கள் வற்றி அடியில் கரம்பை மண் வெடித்துக் கிடக்கும். பங்குனி உத்திரத்துக்குச் சாஸ்தா கோயில் போகிற குடும்பங்கள் குளத்தங்கரையிலும் ஆற்றங்கரையிலும் பொங்கலிட்டுக்கொண்டு கிடக்கிற அந்த ஒரு பகல், இலையும் பூவும் பொறுக்க நல்ல நாள். இணையத்தில் வசந்த காலக் கைவேலை என்று தேடினால் வருகிற பஞ்சு முயலும் டாஃபோடில் பூவும் வேறு தேசத்துப் பங்குனி. நம் பிள்ளை அந்தப் பூவைப் பார்த்ததே இல்லை. பார்க்காத ஒன்றை வண்ணத்தாளில் வெட்டி ஒட்டச் சொன்னால், சொன்ன இடத்தில் சொன்னதை ஒட்டிவிட்டு எழுந்து போய்விடும். மரத்தடியில் தானே பொறுக்கியதை வைத்துக் கொடுத்தால் அரை மணி நேரம் அசையாது.

முதலில் காற்றாடி. ஒரு இலக்கு ஏறத்தாழ இரண்டடி நீளம் இருக்கும். ஈர்க்கை எடுத்துவிட்டால் இரண்டு பாதி. ஒவ்வொரு பாதியிலும் 16 சென்டிமீட்டர் நீளம், 2 சென்டிமீட்டர் அகலத்தில் மூன்று துண்டு எடுக்கலாம். ஒரு காற்றாடிக்கு இரண்டு துண்டு. ஆக ஒரு இலக்கில் மூன்று காற்றாடி. பதினைந்து பிள்ளைகளுக்கு ஐந்து இலக்கு, வீணாவதற்கு இரண்டு, மொத்தம் ஏழு. வெட்டி ஒரு நாள் ஆகிவிட்டிருந்தால் துண்டுகளை அரை மணி நேரம் தண்ணீரில் போட்டு, துடைத்து, பிறகு கொடுக்க வேண்டும்.

இரண்டு துண்டையும் கூட்டல் குறி மாதிரி வைத்து, சேரும் இடத்தில் கடுகளவு பசை தொட்டு அழுத்தி உலர விடுங்கள். இதைப் பெரியவர்கள் முந்தின நாளே செய்து வைத்துவிடலாம். பிள்ளையின் வேலை அதற்குப் பிறகுதான் தொடங்குகிறது. சிலுவையின் நான்கு கையிலும் நுனியிலிருந்து நடு நோக்கி, வலது ஓரத்தை மட்டும் அரை சென்டிமீட்டர் மேலே மடக்க வேண்டும். மடித்ததை அழுத்திப் படிய வைக்காமல் பாதி நிமிர்ந்த நிலையில் விட வேண்டும். இதில்தான் முக்கால்வாசிக் காற்றாடி கெட்டுப்போகிறது. பிள்ளை இரண்டு கையில் வலது ஓரத்தையும் இரண்டு கையில் இடது ஓரத்தையும் மடித்துவிடும். அப்படிப்பட்ட காற்றாடி காற்றில் நடுங்குமே தவிர சுற்றாது. வலது, இடது என்று சொல்லிப் பயனில்லை, அந்த வயதில் அது தெரியாது. ஸ்கெட்ச் பேனாவால் மடிக்க வேண்டிய ஓரத்தில் மட்டும் ஒரு புள்ளி வைத்துவிடுங்கள். புள்ளி தொட்ட பக்கம் மடி, சிலுவையைத் திருப்பு, அடுத்த புள்ளியை மடி. நான்கு வயதுப் பிள்ளை இதைத் தனியாக முடிக்கும். மூன்று வயதுப் பிள்ளைக்கு இரண்டு கையை நாம் மடித்துக் கொடுத்து மற்ற இரண்டை விட்டுவிடலாம்.

அச்சுக்கு உடைமுள். வெள்ளையாக, நேராக, விரல் நீளம் இருக்கும். சீமைக்கருவேல முள் வேண்டாம், குத்தின இடம் வீங்கும். முள்ளின் அடிப்பக்கத்தை ஒரு கல்லில் தேய்த்து மழுக்கிவிட்டு, சிலுவையின் நட்டநடுவில் குத்தி, குத்தின ஓட்டைக்குள் முள்ளை நாலைந்து தடவை சுழற்றுங்கள். ஓட்டை கொஞ்சம் அகன்றால்தான் ஓலை சுற்றும். பிறகு அரை சென்டிமீட்டர் தடிமனில் சோளத்தட்டையின் நெட்டித் துண்டு ஒன்றைக் கோத்து, முள்ளைச் சோளத்தட்டைக் கம்பில் இறக்கிவிடுங்கள். கம்பு ஓரடி நீளம் போதும். நெட்டி முள்ளை இறுகப் பிடித்துக்கொள்ளும். முனை மறுபக்கம் எட்டிப் பார்த்தால் வெட்டிவிட வேண்டும். இந்த முள் வேலையில் பிள்ளைகளுக்குப் பங்கே கிடையாது. சோளத்தட்டை கிடைக்காத ஊரில் அகத்திக் குச்சி ஆகும்.

முள் அடியில் தடித்தும் நுனியில் மெலிந்தும் இருப்பதில் ஒரு சங்கதி உண்டு. பிள்ளை காற்றாடியை முன்னால் நீட்டிக்கொண்டு ஓடும்போது காற்று ஓலையைக் கம்பின் பக்கம், அதாவது முள்ளின் மெலிந்த பக்கம் தள்ளும். அங்கே ஓட்டையில் இடம் இருக்கிறது, அதனால் சுற்றும். கம்பைத் திருப்பிப் பிடித்தாலோ ஓலை முள்ளின் தடித்த பக்கம் ஏறி இறுகி நின்றுவிடும். "டீச்சர், சுத்த மாட்டேங்கு" என்று ஒரு பிள்ளை வந்து நின்றால் முதலில் பார்க்க வேண்டியது இதை. இரண்டாவது, ஓட்டை நடுவில் இல்லாமல் ஒதுங்கியிருப்பது. விரலால் சுண்டிவிட்டுப் பாருங்கள். எப்போதும் ஒரே கை கீழே வந்து நின்றால் அந்தக் கை கனம். அதன் நுனியில் ஒரு நகக்கண் அளவு கத்தரித்தால் சரியாகும்.

பங்குனியில் காற்று கிடையாது என்பதையும் கணக்கில் வைக்க வேண்டும். கயத்தாறு பக்கத்துக் காற்றாலைகளே இந்த மாதத்தில் சோம்பிக் கிடக்கும். காற்று எழுவது வைகாசிக்கு மேல். அதனால் பங்குனிக் காற்றாடி நட்டு வைத்துப் பார்க்கிற பொருளாகாது, பிடித்துக்கொண்டு ஓடுகிற பொருள்தான். காலை ஒன்பதரைக்குள் ஓடி முடித்துவிட வேண்டும்.

பூவரசம் பீப்பிக்கு இவ்வளவு ஆயத்தம் வேண்டாம். கையளவு இலை, முற்றலும் வேண்டாம், தளிரும் வேண்டாம். தளிர் வாயில் வைத்ததும் துவண்டு ஒட்டிக்கொள்ளும். முற்றிய இலை சுருட்டும்போதே நரம்பில் பிளக்கும். காம்பைக் கிள்ளிவிட்டு, ஒரு பக்க ஓரத்திலிருந்து மறுபக்கம் வரை சுருட்ட வேண்டும். ஒரு முனை பென்சில் கனத்துக்கும் மறுமுனை அதைவிட அகலமாகவும் வருகிற மாதிரி சாய்த்துச் சுருட்டினால் நல்லது. சின்ன முனையை ஒரு சென்டிமீட்டர் அளவுக்கு விரலால் நசுக்கித் தட்டையாக்கி, அந்தத் தட்டையை உதட்டில் லேசாகக் கவ்வி ஊத வேண்டும்.

சுருட்டுவதை மூன்று வயதிலேயே செய்துவிடுவார்கள். சத்தம் வரவைப்பதுதான் பிடிபடாது. காரணம் மூன்றே மூன்று. ஒன்று, பிள்ளை சுருளை உள்ளங்கையில் இறுக்கிப் பிடித்துக் காற்று போகிற வழியை அடைத்துவிடும். இரண்டு, பீப்பியைப் பல் வரைக்கும் உள்ளே தள்ளிவிடும். தட்டையான வாய் அதிர்ந்தால்தான் சத்தம், உதடு அதை முழுக்க மூடினால் அதிர இடமில்லை. மூன்று, நசுக்கினது போதாமல் வாய் வட்டமாகவே இருக்கும். அப்போது புஸ்ஸென்று காற்று மட்டும் வரும். ஒவ்வொன்றாகச் சரிசெய்து பாருங்கள், எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொல்லாதீர்கள். ஒரு பிள்ளைக்கு ஐந்தாறு இலை எடுத்து வையுங்கள். எச்சில் ஊறி இரண்டு நிமிடத்தில் ஒரு பீப்பி ஓய்ந்துவிடும். ஒருவர் ஊதியதை மற்றவர் வாங்கி ஊதக் கூடாது. பூவரசங்காயைக் காம்போடு பறித்துத் தரையில் சுண்டினால் பம்பரம் மாதிரிச் சுற்றும். காயிலிருந்து மஞ்சளாகப் பால் வடியும், சட்டையில் பட்டால் கறை போகாது.

இலையும் காயும் பொறுக்கப் போகும்போது எதைத் தொடக் கூடாது என்று பெரியவர்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும். முதலாவது குன்றிமணி. சிவப்பும் கறுப்புமாக அழகாக இருப்பதாலேயே இது ஆபத்து. களிமண் பிள்ளையாருக்குக் கண் வைக்கிற வழக்கம் நம்மிடம் உண்டு என்பதால் களிமண் பொம்மை என்றதுமே கை அதைத் தேடும். அதன் பருப்பு கொடிய விஷம். ஓடு உடைந்தோ மென்றோ உள்ளே போனால் ஒன்றிரண்டு மணியே சின்னப் பிள்ளைக்கு உயிராபத்து. ஊசியால் துளை போட்ட மணி இன்னும் மோசம், ஓடு ஏற்கெனவே திறந்துவிட்டது. பொம்மைக்குக் கண் வேண்டுமானால் ஈர்க்கு நுனியால் இரண்டு குத்து குத்தினால் கண் ஆகிவிட்டது. அரளியில் எந்த நிறமும் வேண்டாம். மஞ்சள் அரளியின் கொட்டை எல்லாவற்றிலும் கொடியது, வேலியோரத்தில் அதுதான் உதிர்ந்து கிடக்கும். ஆமணக்குக் கொட்டை, ஊமத்தங்காய் இரண்டும் வேண்டாம். எருக்கம்பூவை மாலையில் பார்த்துப் பழகியிருப்போம், ஆனால் அதன் பால் கண்ணில் பட்டால் பார்வையைக் கெடுக்கும். விஷமில்லாததிலும், 3 சென்டிமீட்டருக்குச் சிறிய கொட்டை எதையும் மூன்று வயதுக்குக் கீழே உள்ள பிள்ளையின் கையில் கொடுக்கக் கூடாது. புளியங்கொட்டையும் வேப்பங்கொட்டையும் தொண்டைக்கு மட்டுமில்லை, மூக்குக்கும் போகும். இலவங்காய் வெடித்துப் பஞ்சு பறக்கிற காலமும் இதுதான். அந்தப் பஞ்சை ஊதி விளையாட விடாதீர்கள்.

பசை வீட்டிலேயே காய்ச்சலாம். கால் கப் மைதாவைக் கால் கப் பச்சைத் தண்ணீரில் கட்டியில்லாமல் கரைத்து, கொதிக்கிற முக்கால் கப் தண்ணீரில் ஊற்றி, சிறு தீயில் மூன்று நிமிடம் கிளறினால் கண்ணாடி மாதிரி வரும். ஒரு சிட்டிகை உப்பு. சுவரொட்டி ஒட்டுகிறவர்கள் பூச்சி வராமல் இருக்க மயில்துத்தம் கலப்பார்கள். பிள்ளைகளின் பசையில் அதைக் கலக்கவே கூடாது. வெயில் காலத்தில் மறுநாள் சாயங்காலத்துக்குள் புளித்த வாசம் வரும், அன்றன்றைக்குக் காய்ச்சுவதே சரி. அவசரத்துக்கு நாலு சோற்றுப் பருக்கையே போதும்.

அந்தப் பசையை வைத்துச் செய்வது பூ ஒட்டுதல். வேப்ப மரத்தடியில் ராத்திரியே ஒரு பழைய வேட்டியை விரித்து வைத்தால் காலையில் மண் ஒட்டாத பூ கிடைக்கும். சித்திரை விசுவுக்குப் பச்சடி வைக்க எடுத்ததுபோக மிச்சம் பிள்ளைகளுக்கு. நல்ல கறுப்பு அட்டையில் பசையை நாம் பூசக் கூடாது, பிள்ளை விரலால் இழுக்க வேண்டும். இழுத்த கோட்டின் மேல் பூவைத் தூவி, அட்டையைத் தூக்கித் தட்டினால் கோடு பூவாக நிற்கும். பசை தடித்தால் பூ மூழ்கி மறுநாள் பழுப்பாகும். ஒரு விரல் தொட்டதை ஒரு சாண் இழு என்பது சரியான அளவு. புங்கம்பூவும் இப்படி நிற்கும். கொன்றை கனமான பூ, இதழைப் பிரித்துத்தான் ஒட்ட வேண்டும்.

நிறத்துக்கு அடுக்களையே போதும். ஒரு தேக்கரண்டி மஞ்சள் தூளைக் கால் கப் வெந்நீரில் கரைத்துத் துணியில் வடிகட்டி, வெள்ளைத் தாள் முழுவதும் பிள்ளையே பூசட்டும். சாதாரண எழுது தாள் ஊறிக் கிழியும், சார்ட் தாள் நல்லது. இந்த வெயிலில் கால் மணி நேரத்தில் உலர்ந்துவிடும். உலர்ந்த பிறகு, ஒரு தேக்கரண்டி சமையல் சோடாவைக் கால் கப் தண்ணீரில் கரைத்து, காது குடையும் பட்ஸில் தொட்டு அந்த மஞ்சள் தாளில் கோடு போடச் சொல்லுங்கள். வெறும் தண்ணீர் மாதிரி இருந்தது தாளில் பட்டதும் செங்கல் நிறமாகும். ஆரத்தித் தட்டில் மஞ்சளும் சுண்ணாம்பும் சேர்ந்து சிவப்பது இதே சங்கதிதான். சுண்ணாம்பு இன்னும் நன்றாகச் சிவக்கும், ஆனால் கண்ணில் தெறித்தால் வெந்துவிடும் என்பதால் சோடாவோடு நிறுத்திக்கொள்ள வேண்டும். சிவந்த கோட்டின் மேல் எலுமிச்சைச் சாற்றைத் தொட்டால் மறுபடி மஞ்சளாகும். செம்பருத்தி இதழைத் தாளில் தேய்த்தால் ஊதா வரும். அதில் எலுமிச்சை பட்டால் இளஞ்சிவப்பு, சோடா பட்டால் பச்சை. மூன்று கிண்ணத்துக்கும் தனித்தனி பட்ஸ் வைக்காவிட்டால் ஐந்து நிமிடத்தில் எல்லாம் கலந்து நிறம் மாறுவதே நின்றுபோகும். மஞ்சள் படத்தை வெயில் படுகிற சுவரில் மாட்டினால் சில நாளில் வெளிறிப்போகும். சட்டையில் பட்ட மஞ்சளும் அப்படியே, துவைத்து வெயிலில் காயப் போட்டால் போய்விடும்.

இனி மண். வற்றின குளத்துக் கரம்பை கையில் நெகிழ்வாக வரும், ஆனால் காயும்போது நிறையச் சுருங்குகிற மண், அதனால் பாளம் பாளமாக வெடிக்கும். ஊர்ச் சாக்கடை கலக்கிற குளமாக இருந்தால் அந்த மண்ணே வேண்டாம். காருக்குறிச்சிப் பக்கம் இருக்கிறவர்களுக்கு இந்தக் கவலை இல்லை. மண்பாண்டம் செய்கிறவர்களிடம் மிதித்துப் பதமாக்கின மண் ஒரு உருண்டை கேட்டால் கிடைக்கும். கரம்பைதான் என்றால், கட்டியை உடைத்து ஒரு ராத்திரி ஊறவைத்து, கரைத்து, மாவு சலிக்கிற சல்லடையில் வடித்து, வேர், கல், சிப்பி எல்லாவற்றையும் நீக்க வேண்டும். சிப்பி ஓடு விரலைக் கிழிக்கும். தெளிந்த தண்ணீரை இறுத்துவிட்டு, பழைய துணியில் மூட்டை கட்டித் தொங்கவிட்டால் ஒன்றிரண்டு நாளில் பதம் வரும். மூன்று பங்கு மண்ணுக்கு ஒரு பங்கு பொடி மணல் சேர்த்துப் பிசைந்தால் வெடிப்பு பாதியாகக் குறையும். பதம் பார்க்க, சுண்டுவிரல் கனத்தில் ஒரு திரி உருட்டி மோதிரம் மாதிரி வளைக்க வேண்டும். வளைவில் கீறல் விட்டால் தண்ணீர் போதாது. உள்ளங்கையில் ஒட்டினால் அதிகம்.

ஒரு பிள்ளைக்கு ஒரு எலுமிச்சம்பழ அளவு போதும். அதற்கு மேல் கொடுத்தால் சின்னக் கை பிசைய முடியாமல் தட்டிக்கொண்டே இருக்கும். மூன்று வயதில் உருண்டை பிடிப்பதும் தோசை மாதிரித் தட்டுவதும்தான் வேலை. பானை செய்து காட்டி அதே மாதிரி செய்யச் சொல்வது அந்த வயதுக்கு அநியாயம். நான்கு வயதில் உருண்டையைக் குழித்துச் சட்டி ஆக்குவார்கள். கட்டைவிரலை நடுவில் இறக்கி, மறுகையால் சுற்றிக்கொண்டே, கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் சுவரைக் கிள்ளிக் கிள்ளி மெல்லியதாக்க வேண்டும். கட்டைவிரல் அடி வரை போய்விட்டால் ஓட்டை விழும். "அடியில ஒரு சப்பாத்திக் கனம் விட்டுரு" என்று சொன்னால் புரியும். ஐந்து வயதில் திரி உருட்டி அடுக்கி அடுப்பு, உரல், குழவி எல்லாம் வரும். அம்பாசமுத்திரத்து மரச்சொப்பு வீட்டில் இருந்தால் பக்கத்தில் வைத்துவிடுங்கள், பார்த்துச் செய்வார்கள். ஒட்டுகிற இரண்டு பக்கத்தையும் ஈர்க்கால் கீறி, குழைந்த சேற்றைத் தொட்டு அழுத்தாவிட்டால், உலர்ந்ததும் கைப்பிடி கையோடு வந்துவிடும். சுவர் ஒரு சென்டிமீட்டருக்கு மேல் தடித்தால் வெளியே உலர்ந்து உள்ளே ஈரம் நின்று பிளக்கும். வெயிலில் வைக்கவே கூடாது. நிழலில், ஒரு செய்தித்தாளை மேலே போர்த்தி, மூன்று நாள். சுடாத மண் என்பதால் தண்ணீர் ஊற்றினால் கரைந்துபோகும் என்று பிள்ளையிடம் முன்னாலேயே சொல்லிவிடுங்கள். சொல்லாமல் விட்டால் முதல் சமையலிலேயே பானை சேறாகி அழுகை வரும். கரைந்தால் மறுபடி பிசையலாம் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

பின்னலைப் பற்றிக் கொஞ்சம்தான் சொல்ல இருக்கிறது. பத்தமடைக் கோரைப்பாயை எடுத்துக் காட்டி அதே மாதிரி பின்னச் சொல்கிறவர்கள் உண்டு. ஊறவைத்துப் பிளந்த கோரையின் மெல்லிசு, பழகின கைக்கே உரியது. ஐந்து வயதுக்கு, இரண்டு விரல் அகலக் குருத்தோலைத் துண்டு ஆறை அட்டையில் கிளிப் போட்டு நிறுத்தி, குறுக்கே நான்கு துண்டு, மேலே ஒன்று கீழே ஒன்று. துண்டுகளில் ஒன்றுவிட்டு ஒன்றுக்கு மஞ்சள் பூசியிருந்தால், தப்பு செய்த இடம் பிள்ளைக்கே தெரியும். அதற்குக் கீழே உள்ள வயதில் பின்னல் வேண்டாம்.

நொங்கு இறங்க ஆரம்பித்ததும் வண்டி. கட்டைவிரலால் குடைந்து சாப்பிட்ட பிறகு மிஞ்சுகிற வெறுங்காயில், அதாவது கூந்தலில், ஒரே பருமனில் இரண்டைப் பொறுக்குங்கள். ஒன்று பெரிது ஒன்று சிறிது என்றால் வண்டி சிறியதன் பக்கமே திரும்பிக்கொண்டிருக்கும். மூன்று கண்ணுக்கும் சரியாக நடுவில், முனை கூராக்கிய ஒரு சாண் குச்சியை இறக்க வேண்டும். கண்ணுக்குள் இறங்கினால் ஆடும், ஓரம் ஒதுங்கினால் வண்டி குதித்துக் குதித்துப் போகும். இரண்டு சக்கரத்துக்கும் நடுவில் நாலு விரற்கடை இடைவெளி. தள்ளுவதற்குக் கவைக்கம்பு. நான்கு வயதுப் பிள்ளைக்கு இரண்டடி முதல் இரண்டேகால் அடி இருந்தால் கை இடுப்பு உயரத்தில் நிற்கும். பெரிய அண்ணன்மார் வைத்திருக்கிற நீளக்கம்பைக் கொடுத்தால் கை தோளுக்கு ஏறி, வண்டி தரையில் அழுந்தாமல் வழுக்கும். கவையின் இரண்டு முனையையும் மழுக்கிவிடுங்கள். வெட்டுவதும் குத்துவதும் பெரியவர் வேலை. பொருத்தமான இரண்டைக் குவியலிலிருந்து தேடி எடுப்பது பிள்ளையின் வேலை. இரண்டையும் தரையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, குனிந்து கண்ணை மட்டத்துக்கு இறக்கி, ஒன்றை வைத்துவிட்டு வேறொன்றை எடுத்து அளந்து பார்ப்பார்கள். அவசரப்படுத்தாமல் விட்டுவிடுங்கள்.

ராத்திரி வண்டியை வீட்டுக்குள் வைத்தால் எறும்பு மொய்க்கும், திண்ணையில் சாய்த்து வைக்கலாம். மூன்று நான்கு நாளில் கூந்தல் சுருங்கி அச்சு தளர்ந்துவிடும். அப்போது குச்சியைச் சுற்றி ஒரு துண்டு ஓலையைச் செருகினால் இன்னும் ஒரு நாள் ஓடும். அதற்கு மேல் சக்கரத்தைத் தென்னை மூட்டில் போட்டுவிட்டு, கவைக்கம்பை மட்டும் அடுத்த நொங்குக்கு எடுத்து வையுங்கள்.